சதுர முனைச் சவரக்கத்தி

பாய்,

நேற்று வேலூர் கடைத்தெருவில் நடந்த கூத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மூக்குக் கண்ணாடிக்கு உறை வாங்கப் போனவன், கண்ணாடிப் பெட்டிக்குள் சவரக்கத்திகளைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். நிற்காமல் போகிற ஜென்மமா நான்? கடைக்காரர் ஆளை எடை போட்டுவிட்டார். தந்தம் போல் வெளுத்த கைப்பிடியும் அலகு முழுக்கத் தங்கப் பூவுமாக ஒன்றை எடுத்து, "சீமைச் சரக்கு சார், புதுசு" என்று என் முகத்துக்கு நேரே விரித்தார். கைப்பிடியிலிருந்து கற்பூர வாசனை குப்பென்று அடித்தது. தந்தமாவது ஒன்றாவது, கற்பூரம் சேர்த்துச் செய்கிற செல்லுலாயிட். நான் சட்டென்று பின்வாங்கி, "மூடுங்க, மூடுங்க, மய்யத்து வாசனை!" என்று கத்திவிட்டேன்.

கடைக்காரர் என் நெற்றி விபூதியைப் பார்த்தார், என் வாயைப் பார்த்தார். இரண்டும் அவருக்குப் பொருந்தவில்லை. அது உங்கள் வார்த்தை என்று அவருக்கு எப்படித் தெரியும்? இறந்தவரைக் குளிப்பாட்டும் கடைசித் தண்ணீரில் உங்கள் மார்க்கத்தில் கற்பூரம் கரைப்பார்கள் என்று நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். "காலைல எழுந்து தாடிய சரி பண்றப்ப என் மய்யத்த நானே மோந்து பாக்கணுமா மொதலியாரே?" என்று கேட்டு, நான் ஆசையாக வாங்கி வந்த கத்தியைத் திருப்பித் தந்தீர்களே, ஞாபகம் இருக்கிறதா? இரண்டு வாரம் உங்களோடு முகம் கொடுத்துப் பேசவில்லை நான்.

எனக்கு அந்தக் கைப்பிடி பிடிக்கும் பாய். பிடித்திருந்தது. இப்போது பிடிக்கவில்லை. தங்க எழுத்தும் பிடிக்கவில்லை, பூவும் பிடிக்கவில்லை. எனக்கென்று இருந்த ருசியெல்லாம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. நீங்கள் போனபிறகு உங்கள் வெறுப்புகள் ஒவ்வொன்றாக வந்து என்னிடம் குடியேறிவிட்டன. உறை வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நாம் சிநேகமானதே ஒரு சண்டையில்தான். பட்டணத்துக் கம்பெனிக்காகப் பதனிட்ட தோல் பார்த்து வாங்கும் ஆள் நான். ராணிப்பேட்டைக்கும் வாணியம்பாடிக்கும் நடுவே ரயிலேறி இறங்குவதே பிழைப்பு. நீங்கள் ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பு வைத்திருந்தீர்கள். முதல் நாள் உங்கள் முன்னால் உட்கார்ந்து பையிலிருந்து மாதிரித் தோலை உருவும்போது, என் சவரக்கத்தியும் கூடவே வந்து தரையில் விழுந்தது. கம்பெனி துரை ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது எனக்குக் கொடுத்துவிட்டுப் போன கத்தி. சீமையில், ஷெஃபீல்டில் செய்தது. கனத்த அலகு, வட்டமான முனை, எலும்புக் கைப்பிடி. நீங்கள் குனிந்து எடுத்து, விரித்து, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள்.

"இன்னா மொதலியாரே இது? சவரம் பண்றதா, வெறகு பொளக்கறதா?"

விற்கிறவர் வாங்க வந்தவனிடம் பேசுகிற பேச்சா அது? எனக்குச் சுர்ரென்று ஏறியது. "உங்களுது எப்படி இருக்குதுன்னு காட்டுங்க பாக்கலாம்" என்றேன். அதற்காகவே காத்திருந்தவர் போல உள்ளே போய், ஒரு கம்பளித் துணிச் சுருளைக் கொண்டு வந்தீர்கள்.

அந்தக் கத்தியை நான் முதலில் பார்த்தது அப்போதுதான். எருமைக் கொம்பில் கறுப்புக் கைப்பிடி, ஒரு கோடு கிடையாது, ஒரு புள்ளி கிடையாது. அலகின் இரண்டு பக்கமும் நன்றாகக் குடைந்து எடுத்து, விளிம்பு கடுதாசி மாதிரி இருந்தது. நகத்தால் மெல்லச் சுண்டினீர்கள். 'ணங்' என்று ஒரு சின்னச் சத்தம் வந்து, நின்று, தேய்ந்தது. முனையோ நேராக வெட்டிய சதுரம். அதன் மூலையைப் பார்த்ததுமே என் கன்னம் கூசியது. அலகின் அடியில் சோலிங்கன் என்று ஊர்ப்பெயர் வெட்டியிருந்தது. எங்கே இருக்கிற ஊர் என்று கேட்டேன். "நம்ம சோளிங்கர்தான். உங்க நரசிம்மசாமி மல அடிவாரத்துல ஒரு வெள்ளக்காரன் பட்டற போட்டிருக்கான், தெரியாதா?" என்று முகத்தில் சிரிப்பே காட்டாமல் சொன்னீர்கள். ஒரு கணம் நம்பியும் தொலைத்தேன். ஜெர்மனியில் இருக்கிற ஊர் என்று அப்புறம்தான் தெரிந்தது.

அதன்பிறகு வெள்ளிக்கிழமைகள். அன்று உங்கள் ஊர் ஷாப்புகளுக்கு விடுமுறை. ஜும்மாவுக்குப் போகுமுன் நீங்கள் தாடிக்கு ஓரம் எடுப்பீர்கள். நான் காலை ரயிலில் வந்துவிடுவேன். தோல் பதனிட வைத்திருக்கும் ஆவாரம்பட்டைக் குவியலுக்குப் பின்னால், கிணற்றடியில், வேப்பமரத்தில் ஆளுக்கொரு கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிற்போம். கத்தி தீட்டுவதற்கென்றே உங்கள் ஷாப்பில் தனியாகப் பதனிட்ட எருமைத்தோல் பட்டை ஒன்று மரத்தில் தொங்கும். வீட்டில் என் சம்சாரம் தலையில் அடித்துக்கொள்வாள். "தன் மூஞ்சிய தானே வழிச்சிக்கறதுக்கு ரயிலு ஏறிப் போற மனுசன எங்கியாவது பாத்திருக்கீங்களா?" என்று ஊரெல்லாம் சொல்லுவாள். அந்தக் காலத்தில் நாவிதர் வந்து செய்துவிடுவதுதான் வழக்கம். தானே செய்துகொள்கிறவனை ஒரு தினுசாகத்தான் பார்ப்பார்கள்.

நமக்கு அதெல்லாம் ஒரு பொருட்டா? நீங்கள் சதுர முனைக் கட்சி, நான் வட்ட முனைக் கட்சி. "ஓரம் எடுக்கறவனுக்கு மூல வேணும். வட்டத்த வச்சிக்கினு கோடு போட முடியுமா?" என்பீர்கள். மூலை இருந்தால் கீறும் என்பேன். "கீறறது கத்தி இல்ல, கை" என்பீர்கள். அலகில் பெயர் பொறித்திருந்தால் உங்களுக்கு ஆகாது. "இது படிக்கறதுக்கா, வழிக்கறதுக்கா?" தந்தக் கைப்பிடி சோப்பு நுரையில் வழுக்கும், கைப்பிடியில் பொம்பளை உருவம் செதுக்கியிருந்தால் தொடவே மாட்டீர்கள், முதுகோரத்தில் கொக்கி போல் வளைத்திருக்கும் நாவிதர் கத்தியைக் கண்டால் சிரிப்பீர்கள். ஆனால் அலகின் வால் நீளமாக இருக்க வேண்டும். சுண்டுவிரல் உட்கார இடம் இல்லாத கத்தி கத்தியே இல்லை உங்களுக்கு. நான் கனத்துக்காக வாதாடுவேன். கனமான கத்தி தன் பாரத்திலேயே இறங்கும், நாம் அழுத்த வேண்டாம், கொஞ்சம் முடியை மிச்சம் வைத்தாலும் தோலை விட்டுவிடும் என்பேன். அந்த மிச்சம்தான் உங்களுக்குப் பிடிக்காதது.

அதற்குக் காரணம் வெறும் அழகில்லை. அது உங்கள் தொழில். எல்லாரும் தோலை விரலால் பார்ப்பார்கள். நீங்கள் விரலால் தடவிவிட்டு, அப்புறம் தோலை மடித்து, தாடிக்கு மேலே வழித்த கன்னத்தில் வைத்து, கண்ணை மூடிக்கொள்வீர்கள். "வெரலு காப்புக் காச்சிப் போச்சி. அதுக்கு ஒண்ணும் தெரியாது. கன்னத்துக்குத் தெரியும்" என்பீர்கள். எந்தத் தோல் சுண்ணாம்பில் ஜாஸ்தி ஊறியது, எது பட்டைச்சாறு கம்மியாகக் குடித்தது என்று கண்ணைத் திறக்காமலே சொல்லுவீர்கள். நான் வாங்குகிற இடத்தில் இருந்தவன். உங்களை மடக்க எத்தனையோ தரம் முயன்றேன், முடியவில்லை. அந்தக் கன்னம் அவ்வளவு சுத்தமாக இருக்கவேண்டும் என்றால், கடுதாசி அலகுதான் வேண்டும். ஒப்புக்கொள்கிறேன்.

இன்னொன்று. சவரம் முடிந்ததும் நான் படிகாரக் கட்டியை நனைத்து முகமெல்லாம் தேய்ப்பேன். நீங்கள் தொடமாட்டீர்கள். படிகாரம் போட்டால் கன்னம் இறுகி மரத்துப்போகும், அன்றைக்குத் தோல் பேசாது என்பீர்கள். விடுமுறை நாளில் எந்தத் தோல் பேசப் போகிறது பாய் என்று கேட்டிருக்கிறேன். "பழக்கத்த வுடக் கூடாது" என்றீர்கள்.

பதனிடாத பச்சைத் தோல் வண்டி வருகிற நாளில் உங்கள் ஆட்கள் யாரும் சவரம் செய்துகொள்ள மாட்டார்கள். கையில் காலில் சிராய்ப்பு இருந்தாலும் எண்ணெய் தடவித் துணி சுற்றிக்கொள்வார்கள். நோவு கண்ட மாட்டுத் தோல் கீறலில் பட்டால் ஆளையே கொன்றுவிடும் என்று பயம். எங்கள் பக்கத்து ஷாப்புகள் எல்லாவற்றிலும் அதுதான் நடைமுறை. நீங்களும் அதைக் கடைப்பிடித்தவர்தான். வெள்ளிக்கிழமை வண்டி வராது, அதனால் வெள்ளிக்கிழமை சவரம். இதில் எந்தத் தப்பும் இல்லை. இந்த வரியை எத்தனையோ முறை எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

அந்த வெள்ளிக்கிழமை வண்டி வந்தது.

ஓரம் எடுத்து முடிக்கிற சமயம். தெருவில் மாட்டு வண்டிகளின் சத்தமும் ஆட்கள் கத்துகிற சத்தமும் கேட்டன. நீங்கள் தலையைத் திருப்பினீர்கள். காதுக்குக் கீழே, தாடி தொடங்கும் இடத்தில், மூலை பட்டுவிட்டது. பெரிய காயமில்லை. ஒரு பொட்டு ரத்தம். "பாத்தீங்களா உங்க சதுரத்த!" என்று நான் சிரித்தேன், நீங்களும் சிரித்தீர்கள். படிகாரத்தை நீட்டினேன். கையால் தள்ளிவிட்டு, துண்டால் ஒற்றிக்கொண்டு வாசலுக்குப் போனீர்கள்.

அந்த வருஷம் கோடையில் கிராமங்களில் மாடுகள் அடைப்பான் நோய் கண்டு செத்துக்கொண்டிருந்தன. எல்லாருக்கும் தெரியும். உப்புப் போட்டு மடித்த தோல்களை வண்டி வண்டியாக ஏற்றி வந்திருந்தான் அந்த வியாபாரி, நமக்கு அதுவரை பழக்கமில்லாதவன். விடுமுறை நாளில் ஆள் குறைவு, யாரும் பிரித்துப் பார்க்கமாட்டார்கள் என்று கணக்குப் போட்டிருக்க வேண்டும். உங்கள் மேஸ்திரி வண்டிக்குக் குறுக்கே நின்றுகொண்டிருந்தார்.

"பாய், இது நோவுல செத்த மாட்டுத் தோலு. எங்க ஆளுங்க தொட மாட்டாங்க."

"சத்தியமா இல்ல பாய்! எல்லாம் நல்ல மாடு. இவங்களுக்கு லீவு நாள்ல வேல செய்ய வணங்கல, அதான் பேஜார் பண்றாங்க" என்று வியாபாரி தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தான்.

நீங்கள் இரண்டு பேரையும் பார்த்தீர்கள். ஒருத்தன் பிழைப்பைச் சந்தேகத்தில் கெடுக்கவும் உங்களால் ஆகாது, உங்கள் ஆட்களைக் கெட்ட சரக்கில் கை வைக்கச் சொல்லவும் ஆகாது. வேறு யாராவது என்றால் ஒரு அதட்டலில் முடித்திருப்பார்கள். நீங்கள் வண்டியில் கை விட்டு ஒரு தோலை உருவினீர்கள். உப்பைத் தட்டினீர்கள். விரலால் தேய்த்தீர்கள். விரல் ஒன்றும் சொல்லவில்லை போலிருக்கிறது. தூக்கிக் கன்னத்தில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டீர்கள்.

நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன் பாய். வழக்கமாகப் பதனிட்ட தோலைத்தான் அப்படி வைப்பீர்கள். பச்சைத் தோலை வைத்து நான் பார்த்ததே இல்லை. உங்கள் கீறல் நினைவுக்கு வந்து நான் வாய் திறப்பதற்குள் நீங்கள் கண்ணைத் திறந்துவிட்டீர்கள்.

"உப்புக்கு அடியில பிசுக்குது. ரத்தம் வடியல. மேஸ்திரி சொல்றது நெசம். வண்டியத் திருப்பு" என்றீர்கள்.

வியாபாரி வாயில் வந்ததைப் பேசிக்கொண்டே வண்டிகளை ஓட்டிக்கொண்டு போனான். நீங்கள் கிணற்றடிக்கு வந்து முகம் கழுவினீர்கள், வேறு சட்டை மாற்றிக்கொண்டு ஜும்மாவுக்குக் கிளம்பினீர்கள். ஆட்கள் உங்களைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். எனக்கே பெருமையாக இருந்தது.

சில நாள் கழித்துச் சேதி வந்து ஓடி வந்தேன். காதுக்குக் கீழே மூட்டைப்பூச்சி கடித்தது போல் தடித்து, நடுவில் கறுத்திருந்தது. சுற்றிலும் சின்னச் சின்னக் கொப்புளங்கள். "வலியே இல்ல மொதலியாரே. வலிச்சாத்தானே பயப்படணும்?" என்றீர்கள். வலி இல்லாததுதான் என்னைப் பயமுறுத்தியது. வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். டாக்டர் தொடுவதற்கு முன்பே, தோல் வேலையா என்று கேட்டார். அன்று சாயங்காலத்துக்குள் வீக்கம் கழுத்தைத் தாண்டி மார்பு வரை இறங்கிவிட்டது.

நீங்கள் உங்களைப் பற்றிக் கேட்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த வண்டிங்க எங்க போச்சி?" என்றீர்கள்.

"எந்த வண்டி பாய்?" என்றேன்.

"என் ஆளுங்களுக்கு வேணாம்னு தொரத்தி வுட்டேன். வேற எவனோ தொட்டிருப்பான் இல்ல? வாங்கி எரிச்சிருக்கணும். எனக்குத் தோணவே இல்ல. போய்ப் பாருங்க, மொதலியாரே. எங்க எறக்கினான்னு பாருங்க."

போனேன். மாதனூரில் வண்டிகளைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டுக் கிழக்கே போனான் என்றார்கள். பள்ளிகொண்டாவில் ஒருவர், அவன் சரக்கை மொத்தமாக விற்கவில்லை, பாலாற்றங்கரையோரம் சின்னச் சின்னதாகத் தோல் பதனிடுகிறவர்களிடம் ஒன்று இரண்டாகக் கழித்துவிட்டான் என்றார். யார் யாரிடம் என்று கேட்டால் ஆளுக்கொரு திக்கைக் காட்டினார்கள். எனக்கு எட்டிய இடங்களுக்கெல்லாம் போய்ச் சொன்னேன். சிலர் காது கொடுத்தார்கள். சிலர், விலையைக் குறைக்கக் கம்பெனிக்காரன் செய்கிற தந்திரம் என்று சிரித்தார்கள். உப்புப் போட்டு மடித்தபிறகு எல்லாத் தோலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது பாய். உங்கள் கன்னம் என்னிடம் இல்லை.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வந்தபோது உங்களுக்குப் பேச்சு நின்றிருந்தது. கண் மட்டும் கேட்டது. "கெடைக்கல பாய்" என்றேன். நீங்கள் கையைச் சிரமப்பட்டுத் தூக்கி, விரலை வாசல் பக்கம் ஆட்டினீர்கள். மறுபடி போ என்று அர்த்தம். நான் வாசலைத் தாண்டி, ரயிலடிக்குப் போகும் பாதிவழியில், உங்கள் ஆள் ஒருவன் பின்னால் ஓடி வந்தான். அவன் ஓடி வந்த விதத்திலேயே தெரிந்துவிட்டது.

நாற்பதாம் நாள் சடங்கு கழிந்தபின் உங்கள் வீட்டுக்கு வந்தேன். உங்கள் மனைவி திரைக்குப் பின்னாலிருந்து கத்தி இருந்த கம்பளிச் சுருளை நீட்டினார்கள்.

"வீட்ல வச்சிக்க முடியல அண்ணா. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இந்தக் கத்தி பண்ணதா, அந்தத் தோல் பண்ணதா?"

இரண்டும் இல்லை, அவர் குணம் பண்ணியது என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அழுதுவிட்டு வந்தேன்.

கத்தி என்னிடம் வந்தபிறகு எனக்கு நிம்மதி போயிற்று. அதைத் தீட்டும்போது வருகிற சத்தம் என் கத்தியில் வராது. அந்தச் சத்தம் வந்ததும் பக்கத்துக் கண்ணாடியில் நீங்கள் நிற்பதாக இருக்கும். திரும்பிப் பார்க்கமாட்டேன், பார்த்தால் போய்விடுவீர்களே என்று. ஒரு சமயம், அந்த மூலைமீது வந்த ஆத்திரத்தில், சாணை பிடிக்கிறவரிடம் கொண்டுபோய், முனையை வட்டமாக உருட்டித் தரச் சொன்னேன். வட்ட முனையாக இருந்திருந்தால் அன்றைக்குக் கீறியிருக்காது, இத்தனை வருஷம் நான் சொன்னதுதானே சரி? அவர் சக்கரத்தைச் சுற்றிக் கத்தியைக் கிட்டே கொண்டுபோனார். "வேணாம், வேணாம்" என்று பிடுங்கிக்கொண்டேன். பதில் பேச நீங்கள் இல்லாத இடத்தில் நான் ஜெயித்து என்ன செய்ய? அவர் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்.

பைத்தியம்தான் பாய். ராணிப்பேட்டையிலோ குடியாத்தத்திலோ யாரைப் பார்த்தாலும் முதலில் முகத்தைப் பார்ப்பதில்லை, காதுக்குக் கீழே பார்க்கிறேன். கல்யாணப் பந்தலில் பார்க்கிறேன், ரயிலில் எதிர் சீட்டில் தூங்குகிறவனைக் குனிந்து பார்க்கிறேன். போன மாதம் ஆம்பூர் ஸ்டேஷனில் ஒரு கூலி ஆளின் தாடையில் கறுப்பாய் ஒரு பொட்டு. கையை நீட்டித் தேய்த்தே விட்டேன். கரி. "இன்னாங்க வேணும் உங்களுக்கு?" என்று அவன் என் கையைத் தட்டிவிட்டான். மன்னிப்புக் கேட்டுவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்து, விரலில் ஒட்டிய கரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்த ரயில் போய்விட்டது.

நீங்கள் காட்டிய வாசல் வழியாக இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். பாலாற்றங்கரையோரம் எனக்குத் தெரியாத ஊர் இப்போது கிடையாது. அந்தத் தோல்களைப் பற்றி இதுவரை ஒரு சேதியும் இல்லை. யாரும் சாகவில்லை என்பதால் கிடைக்கவில்லையா, செத்தவர்களைப் பற்றி என்னிடம் சொல்ல யாரும் மிஞ்சவில்லை என்பதால் கிடைக்கவில்லையா? நீங்கள் இருந்தால் கண்ணை மூடிச் சொல்லியிருப்பீர்கள். எனக்குத் தெரியவில்லை, பாய்.